‘இந்தா’ என்று நான் சொன்னது

1

எங்கள் ஊர்க் கால்பந்து சங்கத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது நிறைந்தது. எங்கள் ஊர் என்றதும் செங்கல்பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரியாவில், மலைகளுக்கு நடுவில், ஓர் ஆற்றையும் ஒரு காகித ஆலையையும் நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர் இது. செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில் ஏறி இங்கே வந்து சேர்ந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. ஆலையில் கூழ் கலக்கும் பிரிவில் எனக்கு வேலை. மனைவி லூர்துமேரி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாள். மகள் ரோசிக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள்.

பனி எப்படிப் பெய்கிறது, ரொட்டி எப்படி இருக்கிறது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதையெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் ஒரு மனிதனைப் பழிவாங்கினேன். அது எப்படி நடந்தது என்று நம் பக்கத்து ஆட்கள் நாலு பேருக்காவது தெரிய வேண்டும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

போன வருடம் கோடையில் ஆரம்பித்தது. சங்கத்தின் செயலாளர் க்ரூபர் பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிற பொறுப்பு அவருடையது. எழுதியவர் தலைவர் ஹோல்ட்சர். டைப் அடித்த தாள்களைப் பழைய ஆட்டக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் க்ரூபர் கொண்டுபோய்க் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். நானும் மூன்று பருவம் ஆடியவன் என்பதால் எனக்கும் ஒரு கட்டு வந்தது.

சமையலறை மேசையில் வைத்துப் பொறுமையாகப் படித்தேன். நான் ஆடிய காலத்துக்கு வந்ததும் இப்படி இருந்தது: ‘கடைசி ஆட்டத்தில், நம் அணியில் இருந்த இந்தியர் தப்பான வார்த்தையைக் கத்தியதால் நம் தற்காப்பு ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தார், பந்து பறிபோனது, அந்தக் கோலால் நாம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டோம்.’

என் பெயர் அருளப்பன் என்று எங்கேயும் இல்லை. திரும்பிப் பார்த்த தற்காப்பு ஆட்டக்காரரின் பெயரும் இல்லை. அந்த ஆள் வேறு யாரும் அல்ல, இதை எழுதிய ஹோல்ட்சர்தான்.

2

அந்தச் சங்கத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் ஹோல்ட்சர் எப்பேர்ப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொய் எழுதினார் என்பது விளங்கும்.

இரண்டு பெரிய போர்களுக்கும் நடுவில், ஆலைத் தொழிலாளிகள் சிலர் மாடு மேய்கிற புல்வெளி ஒன்றைக் கேட்டு வாங்கி ஆரம்பித்தது அது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் சாணி அள்ளுவது கோல் காக்கிற கோலியின் வேலையாம். சில வருடம் கழித்து வந்த அரசாங்கம் தொழிலாளர் சங்கங்களை எல்லாம் தடை செய்தது. அப்போது கொடியை ஒரு பேக்கரிக்காரர் மாவு மூட்டைக்குள் ஒளித்து வைத்தார். அடுத்து ஹிட்லரின் போர் வந்தது. மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப் பேர் ரஷ்யாவிலிருந்து திரும்பவே இல்லை. அவர்கள் பெயர்கள் மைதானத்து வாசலில் கல்லில் இருக்கின்றன. ஹோல்ட்சரின் மாமா பெயர் முதலில் இருக்கிறது. போர் முடிந்து இந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களோடுதான் முதல் ஆட்டம். நம்மை விட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்த அதே வெள்ளைக்காரன் இவர்கள் ஊரில் கோல் வாங்கிக்கொண்டிருந்தான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அறுபதுகளில் ஆலைக்கு நல்ல வரும்படி. சங்கம் ஒவ்வொரு படியாக ஏறி, மாநிலப் பிரிவுக்கே வந்துவிட்டது. அதுதான் அவர்கள் தொட்ட உச்சம். நான் வந்தது அந்தச் சமயத்தில்.

நான் எப்படி வந்தேன் என்றால், எங்கள் பங்கில் இருந்த சாமியார் இந்த ஊர்க்காரர். செங்கல்பட்டில் அவரை வெள்ளைச் சாமியார் என்போம். எங்கள் அப்பா மரியான் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மிஷன் பள்ளியில் படித்த எனக்குப் படிப்பு சுமார், பந்து மட்டும் காலில் ஒட்டிக்கொள்ளும். ரயில்வே கிரவுண்டில் வெறுங்காலோடு நானும் காதரும் ஆடுவதைச் சாமியார் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார். ஒருநாள், “எங்க ஊர்ல ஆள் தேடுறாங்க, போறியா?” என்றார். வேலைக்கு ஆள் தேடுகிறார்களா, ஆட்டத்துக்குத் தேடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் என்று வந்த பிறகு தெரிந்தது.

3

இங்கே முதலில் பறிபோனது என் பெயர். அந்நியர் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்றார் அந்த அம்மாள். அப்பா பெயரைச் சொன்னேன். அதிலிருந்து நான் திருவாளர் மரியான். ஒரு வருடம் கழித்து வந்த லூர்துமேரி, திருமதி மரியான். “இன்னாங்க இது, உங்க அப்பா பேர சொல்லி என்ன கூப்டறானுங்கோ? வெக்கமா கீது,” என்று முதல் மாதம் முழுக்கப் புலம்பினாள். அப்புறம் அதுவும் பழகிவிட்டது. கடையில் கிடைப்பது பாலில் வேகவைக்கிற கொழகொழ அரிசி; அதையும் சோறு என்று சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

சங்கத்தில் மரியானும் இல்லை. ‘இண்டா’ என்பார்கள். இந்தியன் என்பதை இந்தப் பக்கத்து நாக்கு அப்படித்தான் சொல்லும்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். ரயில்வே கிரவுண்டில் பந்தைத் தள்ளிவிடும்போது நாங்கள் ‘இந்தா’ என்போம். வாங்கிக்கொள் என்று அர்த்தம். கையில் டீ கிளாஸைக் கொடுத்தாலும் அதுதான், காலில் பந்தைக் கொடுத்தாலும் அதுதான். இவர்கள் பேச்சில் ‘ஹின்டா’ என்றால் பின்னால் என்று அர்த்தம். பின்னால் எதிரி வருகிறான் என்று எச்சரிக்க ‘ஹின்டாமன்’ என்று கத்துவார்கள். ஓட்டத்தில் முதல் பாதி மட்டும்தான் வாயில் வரும். முதல் ஆட்டத்தில் நான் ‘இந்தா’ என்று பந்தைத் தள்ளியபோதெல்லாம் என் ஆட்களே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். பந்து அவர்கள் காலை உரசிக்கொண்டு போயிற்று.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் அர்த்தத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் கேப்டன் ஹோல்ட்சர். அன்று சாயந்திரமே மதுக்கடையில் எனக்கு பீர் குவளையை நீட்டி, “இந்தா” என்றார். அடுத்த வாரத்திலிருந்து சங்கத்தில் எல்லாருமே குவளை கொடுத்தால் இந்தா, சோப்பு கொடுத்தால் இந்தா. மைதானத்திலும் ஒருத்தன் திரும்பிப் பார்த்தது கிடையாது. மூன்று பருவம் அந்த வார்த்தையோடுதான் ஆடினோம். இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை ஹோல்ட்சருக்குத் தெரியும்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், மாநிலப் பிரிவில் நிலைத்துவிடலாம். மழை. முடியப் போகிற நேரத்தில் நான் பந்தை ஹோல்ட்சருக்குத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது இந்தா என்றேன், எப்போதும் போல. அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பந்து அவர் பாதத்துக்கு அடியில் வழுக்கிப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். மழையில் யாருக்கும் நடக்கும். எதிரணிக்காரன் எடுத்துப் போய்க் கோல் போட்டான். ஹோல்ட்சர் ஒரு கணம் பந்து போன திசையைப் பார்த்தார். பிறகு ஊரே பார்க்க என் பக்கம் கையை நீட்டினார்.

“இவன் ஹின்டா என்று கத்தினான். நான் திரும்பிப் பார்த்தேன்.”

சக ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேசவில்லை. ஹோல்ட்சரின் அப்பா ஆலையில் மேஸ்திரி. அவர் வாயில்தான் எல்லாருடைய ஷிப்டும் இருந்தது. பிறகு ஹோல்ட்சரே மேஸ்திரி ஆனார், சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். சங்கம் அந்த உச்சத்தை மறுபடி தொடவே இல்லை. மதுக்கடையில் வருடக்கணக்காக ஓடிய கதை அது: இண்டா, ஹின்டா. எதுகை மோனையோடு இருந்ததால் அழியவே இல்லை.

அடுத்த பருவம் என்னை ஆடக் கூப்பிடவில்லை.

4

என்னோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேனா என்றால், மாட்டேன். ஆனால் சும்மா இருந்திருப்பேன். ரோசி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒருநாள் வந்து ஜெர்மனில் கேட்டாள்: “நைனா, ஹின்டா என்றால் நீதானா?”

அப்பாவை நைனா என்று கூப்பிடுவது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த தமிழ். மற்றதெல்லாம் ஜெர்மன். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். லூர்து மீன் குழம்பு வைத்தால் ரோசி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து விடுவாள், பள்ளிக்குப் போடுகிற துணியில் வாசம் ஏறிவிடுமே என்று. பள்ளியில் அவளை ‘இண்டா ஹின்டா’ என்று பாட்டாகவே பாடினார்கள். பாட்டை எடுத்துக் கொடுத்தவன் அவள் வகுப்புப் பையன் பீட்டர். ஹோல்ட்சரின் கடைசி மகன்.

அவள் அழவில்லை. என்னோடு தெருவில் நடப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஆலைச் சங்கு ஊதி நான் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குள் போய்விடுவாள். அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாள்.

அதனால்தான் அந்த டைப் அடித்த வரியைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வாயில் இருக்கிற கதை இன்னும் பத்து வருடத்தில் செத்துவிடும். புத்தகத்தில் ஏறினால் எப்போது சாகும்? ரோசியின் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கலாம்.

க்ரூபரிடம் போனேன். இது பொய் என்றேன். நல்ல மனிதர், ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்தது அந்த ஆட்டத்துக்கு அப்புறம்.

“சாட்சி இருக்கிறதா, திருவாளர் மரியான்?” என்றார். “அந்த வார்த்தைக்கு அர்த்தமே தனக்கு இன்றுவரை தெரியாது என்கிறார் தலைவர், நீங்கள் தெரியும் என்கிறீர்கள். நான் அப்போது இங்கே இல்லையே.”

பழைய ஆட்டக்காரர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினேன். ஒருத்தனுக்கு ஞாபகம் இல்லை. இன்னொருத்தன், “அதெல்லாம் எதற்கு இப்போது?” என்றான். கோலியாக இருந்தவன் மட்டும், எனக்குத் தெரியும், ஆனால் என் மகனுக்கு ஆலையில் வேலை வேண்டும் என்று உண்மையைச் சொன்னான். அவனை நான் மன்னித்துவிட்டேன். மற்றவர்களை இல்லை.

5

இந்த நேரத்தில்தான் செங்கல்பட்டிலிருந்து சேதி வந்தது. வெள்ளைச் சாமியாருக்குக் குருப்பட்டம் பெற்று ஐம்பதாம் ஆண்டு. சங்கத்துக்கும் அவர் பட்டத்துக்கும் ஒரே வயது என்று ஊரில் ஒரே உற்சாகம். சங்கத்து ஆட்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பி, தை மாதத்தில் செங்கல்பட்டுக்குப் போய் அவரைப் பார்ப்பது, பிறகு மகாபலிபுரம் கடற்கரையில் சில நாள் தங்குவது என்று முடிவாயிற்று. ஹோல்ட்சர் தலைமை. க்ரூபர் புத்தகத்துக்குப் படம் எடுக்க. இப்போது ஆடுகிற இளவட்டங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் அல்லவா? பல்லைக் காட்டிக்கொண்டு ஹோல்ட்சரே என் வீட்டுக்கு வந்தார். நானும் பல்லைக் காட்டினேன். லூர்தும் ரோசியும் கூட வருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றே காதருக்குக் கடிதம் போட்டேன். காதர் இப்போது செங்கல்பட்டு பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கடப்பாக்கத்தில் அவனுக்கு மாமியார் வீடு; அந்தப் பக்கத்து மீனவப் பையன்கள் எல்லாம் அவனுக்குப் பழக்கம்.

சாமியாரைப் பார்த்தோம். முழுக்க நரைத்து, காது மந்தமாகி, ஜெர்மனை மறந்து எல்லாரிடமும் தமிழிலேயே பேசினார். தன் ஊர்க்காரர்களிடம், “இன்னா, சாப்டீங்களா?” என்று கேட்டார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மறுநாள் திருக்கழுக்குன்றம். உச்சி வேளையில் கழுகு வருவதைப் பார்க்க மலை ஏறினார்கள். ஹோல்ட்சர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மூச்சிரைப்பைப் பார்த்து எனக்கு ஓர் அல்ப திருப்தி. ரோசி அவரைத் தாண்டி ஓடினாள்.

அன்று சாயந்திரம் காதரின் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். கைத்துணியில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அப்ப அந்த ஆளுக்கு வார்த்த தெரியும். ஆனா தெரியாதுன்னு சாதிச்சிகினு கீறான். அதான மேட்டரு?”

“அதான்.”

“தெரியும்னு அவன் வாயாலயே வரணும்.”

“அந்த வாத்தியார் காதுல வுழணும்.”

காதர் துணியைத் தூக்கி ஓரமாகப் போட்டான். “அவன் தோத்தா தாங்குவானா மச்சான்?”

“சீட்டாட்டத்துல தோத்தாலே மேசைய கவுக்கிற ஆளு.”

“அப்ப பேஜாரே இல்ல,” என்றான் காதர். “மகாபலிபுரத்துல ஒரு மேட்ச்சு வெச்சிக்கலாம். கடப்பாக்கத்து பசங்கள நான் இட்டுகினு வரேன். பந்த தட்டும்போதெல்லாம் இந்தான்னு கத்த சொல்றேன். அவுனுங்க எப்பவும் அப்டித்தான் கத்துவானுங்கோ, ஒண்ணும் கத்துக்குடுக்க வேணாம். கொஞ்சம் சத்தமா கத்தணும், அவ்ளோதான்.”

6

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, படகுகள் கிடக்கிற மணல். துடுப்புகளை நட்டுக் கோல் கம்பம். வெள்ளைக்காரன் பந்தாடுகிறான் என்று கேள்விப்பட்டு, சங்கு விற்கிறவர்கள், கல் கொத்துகிறவர்கள், இளநீர்க்காரர் எல்லாரும் வந்து நின்றார்கள். க்ரூபர் தொப்பி போட்டுக்கொண்டு விசில் ஊதினார். நடுவராக அவரை நிறுத்தும்படி யோசனை சொன்னது நான். ஹோல்ட்சர், நாற்பத்தைந்தைத் தாண்டியும், நான்தான் பேக் ஆடுவேன் என்று முண்டா பனியனோடு இறங்கினார். சுற்றுலா வந்த இடத்தில் ஒரு விளையாட்டு, ஜெயித்துப் படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் கணக்கு. நான் ஆடவில்லை. லூர்து, ரோசியோடு படகு நிழலில் உட்கார்ந்தேன்.

காதர் தன் பையன்களைச் சுற்றி நிற்க வைத்துப் பேசிவிட்டு வந்தான். “எங்களாண்ட வுட்டுடு அண்ணாத்தன்னு சொல்லிட்டானுங்கோ,” என்றான்.

முதல் பந்து. கடப்பாக்கத்துப் பையன் ஒருத்தன் “இந்தா” என்று தொண்டை கிழியக் கத்தித் தள்ளினான். எதிரே நின்ற ஆஸ்திரிய இளவட்டங்களில் மூன்று பேர் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் கடல்தான் இருந்தது. பந்து அவர்களைத் தாண்டிப் போய்க் கோலாயிற்று.

மறுபடி “இந்தா”. மறுபடி திரும்பினார்கள். பாவம், அவர்களுக்கு அந்த வார்த்தையின் கதை மதுக்கடைக் கதையாகத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஓடுகிற ஓட்டத்தில் காதில் விழுவது ‘ஹின்டா’. உடம்பு தானாகத் திரும்பும். சங்கு விற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் ஓர் ஆள் மட்டும் திரும்பவில்லை. ‘இந்தா’ என்ற சத்தம் வரும்போதெல்லாம், பந்து யாருக்குப் போகிறதோ அவன் பக்கம் ஹோல்ட்சர் முன்கூட்டியே நகர்ந்தார். இரண்டு தரம் பந்தைப் பறித்தும் விட்டார். க்ரூபரின் விசில் வாயிலேயே நின்றதை நான் பார்த்தேன். அவர் ஹோல்ட்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் பாதி போதாது.

நாலாவது கோலா ஐந்தாவதா, தெரியவில்லை. ஹோல்ட்சரின் முகம் சிவந்து, பனியன் நனைந்து, மணலில் கால் புதைந்து தள்ளாடினார். அவருடைய கோலியும் பின்னால் திரும்பி, கால்களுக்கு நடுவில் கோல் வாங்கினான். கூட்டம் கூத்தாடியது. ஹோல்ட்சர் இரண்டு கைகளையும் தூக்கி, தன் பையன்களைப் பார்த்து, கடல் சத்தத்துக்கு மேலே கத்தினார்:

“திரும்பாதீர்கள், முட்டாள்களே! அது ‘வாங்கிக்கொள்’ என்று அர்த்தம்! ஹின்டா இல்லை, இந்தா, இந்தா!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பையன்கள் அவரைப் பார்த்தார்கள். க்ரூபர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து நிழலிலிருந்து வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். பார்த்தார்.

ஜெர்மன் புரியாத காதர், “இன்னா சொன்னான்?” என்றான்.

“எல்லாத்தயும் சொல்லிட்டான்,” என்றேன்.

“நைனா, நீ வேண்டுமென்றே செய்தாயா?” என்று ரோசி ஜெர்மனில் கேட்டாள். ஆமாம் என்றேன்.  அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

7

ஊர் திரும்பியதும் க்ரூபர் வீட்டுக்கு வந்தார். காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன், திருவாளர் மரியான். முழுசாக. அந்த ஆட்டமே புத்தகத்தில் வராது. எல்லாருக்கும் அமைதி.”

லூர்து என்னைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது.

“எடுக்கக் கூடாது,” என்றேன். “திருத்திப் போடுங்கள். பந்து சரியாக வந்தது, ஹோல்ட்சர் தவற விட்டார், பழியை என் மேல் போட்டார். இதை எழுதுங்கள். என் பெயரை அருளப்பன் என்று போடுங்கள். மரியான் என் அப்பா.”

“அவர் குடும்பத்துக்கு இது கஷ்டமாக இருக்கும்.”

“இருக்கட்டும்,” என்றேன்.

க்ரூபர் நேர்மையானவர். மணலில் தன் காதால் கேட்டதை அவரால் மறைக்க முடியவில்லை. நிர்வாகக் குழுவில் பெரிய சண்டை நடந்ததாம். கடைசியில், பழி போட்டார் என்பதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள். பந்து சரியாக வந்தது, ஹோல்ட்சர் தவற விட்டார். அச்சில் வந்துவிட்டது. விழா மேடையில் ஒவ்வொரு காலத்து வரலாற்றையும் தலைவர் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். ஹோல்ட்சர் வாசித்தார். அந்த வரி வந்தபோது குரல் தாழ்ந்தது. பின்வரிசையிலிருந்து, “கேட்கவில்லை” என்றேன். மறுபடி வாசித்தார். பிறகு இறங்கி வந்து என் மேசைப் பக்கம் கையை நீட்டினார். சபையே பார்த்தது. நான் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதற்காக என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றினார். மாற்றட்டும். புத்தகம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

“ரோசி நைனா, போதும்,” என்றாள் லூர்து. “அந்த ஆளு மூஞ்ச பாத்தா பாவமா கீது. அந்தம்மா ஆஸ்பத்திரிக்கி வந்தா என்ன பாக்காம தலைய குனிஞ்சிகினு போவுது.”

எனக்குப் பாவமாக இல்லை. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஒரு தடவை கூடப் பாவமாகத் தோன்றவில்லை.

போன வாரம், பள்ளி திறந்த புதிது. சாயந்திரம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் குழம்புதான். ஜன்னல் மூடியிருந்தது. ரோசி சாப்பிட்டுக்கொண்டே, பள்ளியில் இப்போது பீட்டரை எல்லாரும் ‘ஹின்டா’ என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். அவன் பந்தாட வருவதில்லையாம். மைதானத்துப் பக்கம் போகாமல் ஆலைச் சுவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறானாம்.

லூர்து தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “நீயும் கூப்டறியா?” என்று தமிழில் கேட்டாள்.

ரோசி தலை நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நாங்கள் கேட்டு எத்தனையோ வருடமாகிற தமிழில், செங்கல்பட்டுப் பேச்சு கொஞ்சமும் பிசகாமல், பதில் சொன்னாள்.

“நாந்தான் மொதல்ல கூப்ட்டேன் நைனா.”

லூர்து எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மகளின் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.